அளக்காத ஜன்னல்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நம் நாலு பேரையும் காலை ரயிலில் ஏற்றி உட்காரவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் ஒரு வாசகி கோபமாக எழுதிவிட்டார். "அந்த அண்ணி எந்த ஊருக்குப் போனாலும் நொட்டை சொல்கிறாளே, அவளை வழியில் இறக்கிவிட்டு மற்ற மூன்று பேரும் நிம்மதியாக இருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்.

அம்மணி, இந்த வாரத்தைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. பெரிய ஊரில், நாலாவது மாடியில், இரண்டே அறைகளில் ஒரு குடும்பம். குடும்பத் தலைவன் பஸ் கம்பெனியில் எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். அதனால் வீட்டிலும் ஆபீசிலும் அவனுக்கு டைம்டேபிள் என்றே பெயர். அவன் மனைவி கிளினிக்கில் காது சோதனை செய்கிறவள். வருகிறவர்கள் எல்லாம் அவளைக் காதம்மா என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண், வாலு. வாலு என்று ஏன் பெயர் என்பதை முதல் அத்தியாயத்திலேயே பார்த்தோம், வாலும் இன்னும் மாறவில்லை.

நாலாவது ஆள்தான் அண்ணி. டைம்டேபிளின் அக்கா. கல்யாணம் ஆகாதவள். ஒரு பெரிய கடையில் பத்தொன்பது வருஷமாகத் திரைச்சீலை தைக்கிறாள்.

வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த ஊர் வாடகைக்கு இனிமேல் இவர்களால் ஈடுகொடுக்க முடியாது. சரி, கைக்கு எட்டுகிற வாடகையில் மூச்சு விட்டு வாழ வேறு ஒரு ஊர் கிடைக்காதா என்று விடுமுறை நாளெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். நாலு பேருக்கும் பிடித்தால் மட்டுமே அந்த ஊர். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் அடுத்த ஊர். இது வாலு போட்ட சட்டம்.

முதல் ஊரை டைம்டேபிள் ஒதுக்கினான். ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் அது ஊரா என்று கேட்டான். இரண்டாவது ஊரில் காதம்மா அறைக்கு அறை கண்ணை மூடி நின்று பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓயாமல் உறுமுவதைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது ஊர் எல்லாருக்கும் பிடித்தது. அண்ணிதான், "இந்த ஊர்ல யாரும் சிரிக்கவே மாட்டேங்கறாங்க" என்று சொல்லிக் கவிழ்த்துவிட்டாள்.

இன்று நாலாவது ஊர்.

*

ரயிலை விட்டு இறங்கியதுமே வாலு தன் பரிசோதனையைத் தொடங்கிவிட்டாள். ஒரு ஊர் நல்ல ஊரா என்பதைத் தெருநாய் சொல்லிவிடும் என்பது அவள் கட்சி. மனுஷனைக் கண்டால் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடுகிற நாய் இருக்கிற ஊரில் குடியிருக்கக் கூடாதாம்.

ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த பழுப்பு நாய் அவளைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

"பாஸ்!" என்றாள் வாலு.

"நீங்க வீட்டைப் பாருங்க. நான் பஸ்ஸைப் பார்க்கறேன்" என்று டைம்டேபிள் வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டால் சாப்பாட்டு நேரம் வரை அசைக்க முடியாது. வீடு பார்க்க வந்த இடத்தில் வீட்டைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்க்கிற ஆம்பிளை உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

வழியில் அண்ணியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"யாரு அண்ணி?"

"கடையிலேருந்து. அந்தக் கம்பிக்காரர்தான். லீவு நாள்லகூட நிம்மதி கிடையாது."

கம்பிக்காரரைக் காதம்மா பார்த்ததில்லை. ஆனால் நன்றாகத் தெரியும். அண்ணி தைக்கிற திரைகளை வீடு வீடாகப் போய்க் கம்பி போட்டு மாட்டுகிறவர். சுவரில் ஓட்டையைக் கோணலாகப் போட்டுவிட்டார், ஏணியை மறந்துவிட்டுப் போனார், நாலு மணி டீயை ஐந்து மணிக்குக் குடித்தார் என்று அண்ணி தினமும் அந்த ஆளை ஒரு பிடி பிடிக்காமல் ராத்திரி சாப்பாடு இறங்காது.

வீட்டுச் சொந்தக்காரர் ரிட்டயரான கால்நடை டாக்டரம்மா. மாடியில் கண் தெரியாத ஒரு கிழட்டு நாயோடு இருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு ரத்தினச் சுருக்கமாகப் பேசினார்.

"நல்லா பாருங்க. நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் வருது. அதுக்குள்ள சொல்லிட்டா வீடு உங்களுக்கு."

"நாய் மேல ஏறி இறங்குமா டாக்டர்?" என்று வாலு கேட்டாள்.

"உன்னைப் பிடிச்சிருந்தா இறங்கும்."

வாலுவைப் பொறுத்தவரை வீடு அங்கேயே முடிவாகிவிட்டது.

*

கதவைத் திறந்ததும் காதம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. பெரிய ஹால். தண்ணீர் குழாயைத் திறந்தால் தயங்காமல் வந்தது. சமையலறையில் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல் நிற்கலாம். வாடகையோ இப்போது கொடுப்பதில் பாதிகூட இல்லை. குழந்தைகளுக்குக் காது பார்க்கிற கிளினிக்கில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அது பதினோரு நிமிஷ நடை. டைம்டேபிள் எந்த ஊரில் உட்கார்ந்தும் அட்டவணை போடலாம்.

ஒவ்வொரு அறையிலும் நின்று கண்ணை மூடிக் கேட்டாள். ஹாலில் தெருவில் போகிற சைக்கிள் மணி. சமையலறையில் பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பது. உள்ளறையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

அண்ணி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வேலையில் இறங்கியிருந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னலை அளக்காமல் திரும்ப மாட்டாள். முந்தைய மூன்று ஊர்களிலும் வீடு அமையவில்லை, ஆனால் அந்த வீடுகளின் ஜன்னல் அளவெல்லாம் அவள் நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

"அறுபத்து நாலுக்கு நாப்பத்தெட்டு. எழுதிக்கோ."

"எழுதிட்டேன் அத்தை" என்றாள் வாலு.

"இது முப்பத்தாறு. வெயில் நேரா விழுது. தடிமனான துணி போடணும்."

ஹால், சமையலறை, உள்ளறை, பக்கத்தறை என்று வரிசையாக முடிந்தது. கடைசியில் நடையின் முடிவில் ஒரு பின்னறை. கதவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. காதம்மா தோளால் ஒரு இடி இடித்தாள்.

அந்த அறையைப் பார்க்கத்தான் அவள் இத்தனை ஊர் அலைந்தாள் என்பது டைம்டேபிளைத் தவிர யாருக்கும் தெரியாது. பதினொரு வருஷமாக அண்ணி ஹாலில் மடக்குக் கட்டிலில் படுக்கிறாள். எல்லாரும் படுத்தபிறகு விரிப்பாள், யாரும் எழுவதற்கு முன்னால் மடித்துச் சுவரோடு சாத்திவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் காலை நீட்டிப் படுத்திருந்ததை ஒருத்தரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அண்ணிக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். காதம்மா வேறு எதற்கும் விட்டுக்கொடுக்கத் தயார், இதற்கு மட்டும் கிடையாது.

அறை அழகாக இருந்தது. அகலமான ஜன்னல், அதற்கு வெளியே ஒரு மரம். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக் கடைக்கு வேண்டியதை இங்கேயே தைத்து அனுப்பலாம், விளக்கே வேண்டாம்.

"அண்ணி, உள்ள வந்து பாருங்களேன்!"

அண்ணி வாசலிலேயே நின்றாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஓகே. முடிச்சிடலாம்."

முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆயிரத்தெட்டு நொட்டை சொல்கிற அண்ணி, ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டாள். காதம்மாவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

*

தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் டைம்டேபிள் தலைகால் புரியாமல் வந்து உட்கார்ந்தான்.

"ஏழு நிமிஷத்துக்கு ஒரு பஸ்! அக்கா, ஏழு நிமிஷம்! ஒரு டிரைவர், ஒரு பாட்டி... இல்ல, ஒரு அம்மா ஓடி வர்றதைப் பார்த்து நிறுத்தி ஏத்திட்டுப் போனார். அப்படியும் அடுத்த ஸ்டாப்புக்கு நேரத்துக்குப் போயிட்டார். அவரைப் பார்த்துக் கை குடுத்துட்டு வந்தேன்."

"எதுக்குடா?" என்றாள் அண்ணி.

"என் தொழில் உனக்குப் புரியாது."

வாலு மேசையைத் தட்டினாள். "ஓட்டு! எல்லாரும் கண்ணை மூடுங்க. மூணு எண்ணுவேன். பிடிச்சிருந்தா கட்டை விரலைத் தூக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

கண்ணைத் திறந்தார்கள். மூன்று கட்டை விரல்கள் நின்றன. காதம்மாவின் கை மடியிலேயே இருந்தது.

"அம்மா!"

"என்னம்மா இது? உனக்குப் பிடிக்கலையா?" டைம்டேபிளுக்கு முகம் தொங்கிப்போனது.

"பிடிச்சிருக்குங்க."

"அப்புறம்?"

ஓட்டு நடந்தபோது காதம்மா கண்ணை மூடவே இல்லை. சட்டப்படி அது தப்பு. ஆனால் பதினாறு வருஷமாக மனிதர்களைக் காது சோதனை அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துப் பழகியவள் அவள்.

அவள் தொழிலில் ஒன்று உண்டு. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்று சொல்வார்கள். சிலர் சத்தமே வராதபோதும் அழுத்துவார்கள். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்ல. கூட்டிக்கொண்டு வந்த மகனுக்குக் கஷ்டம் வேண்டாம், இந்தப் பெண்ணுக்கும் நேரமாகிறது, நம்மால் யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள். காதம்மா அதற்கு மரியாதை அழுத்தல் என்று பெயர் வைத்திருக்கிறாள். அப்படி ஒருத்தர் வந்தால் அவள் சத்தம் எதுவும் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்து பார்ப்பாள்.

வாலு இரண்டு என்று சொல்வதற்கு முன்னாலேயே அண்ணியின் விரல் எழும்பிவிட்டது.

"அந்த நோட்டைக் குடு" என்றாள் மகளிடம்.

வாலுவின் குண்டுகுண்டான எழுத்து. ஹால், இரண்டு ஜன்னல். சமையல் ரூம், ஒன்று. அம்மா அப்பா ரூம், இரண்டு. என் ரூம், ஒன்று. அதற்குக் கீழே வெறும் தாள்.

காதம்மா தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"மணி என்னங்க?"

"மூணு பதினேழு" என்றான் டைம்டேபிள். சுமார் மூணே கால் என்று சொல்ல அவனுக்கு வராது.

"நீங்க ரெண்டு பேரும் காபி குடிச்சிட்டு வாங்க. ஒரு ஜன்னல் விட்டுப்போச்சு. அண்ணி, வாங்க."

*

பின்னறையில் வெயில் இறங்கி வந்து பாதித் தரையில் விழுந்திருந்தது.

"இதை ஏன் அளக்கல அண்ணி?"

"மறந்துட்டேன்."

"ஊசி போட டாக்டர்கிட்டப் போனாக்கூட அவர் ஜன்னலை அளந்துட்டு வர்ற ஆளு நீங்க. மறந்துட்டீங்களா?"

அண்ணி சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள்.

"கடைக்குப் பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன். நல்ல சுத்தம்."

"எப்போ?"

"போன மாசம்."

"மூணாவது ஊரை வேண்டாம்னு சொன்னப்பவே?"

"அங்க உனக்கு வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும். வந்து சேர ராத்திரி ஆயிடும். அதைச் சொன்னா பரவாயில்ல, நான் போயிக்கறேன்னு சொல்லுவ. அதான் யாரும் சிரிக்கலைன்னு சொல்லிட்டேன். பாவம், அந்த ஊர்க்காரங்க நல்லாத்தான் சிரிச்சாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஊரு அப்படியில்ல. உங்க மூணு பேருக்கும் அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. இந்த ரூமை வாலு படிக்கறதுக்கு வெச்சுக்கட்டும்."

"மூணு பேருக்கா?"



காதம்மாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் கூடவே வந்ததால் எது முதலில் வெளியே போவது என்று தெரியவில்லை.

"வாலு பொறந்து ஒரு வருஷத்துல நான் வேலைக்குத் திரும்பினப்போ, பத்து நாள் இருந்து குழந்தையைப் பார்த்துக்கறேன்னு வந்தீங்க. எனக்கு அந்தப் பத்து நாள் இன்னும் முடியல அண்ணி. நீங்க பாட்டுக்கு எண்ணி முடிச்சிட்டீங்களா? நான் ஊரா தேடினேன்? உங்களுக்கு ஒரு ரூம் தேடினேன். கட்டிலை மடிக்காம, மத்தியானம் வரைக்கும் நீங்க காலை நீட்டிப் படுத்துக்கிடக்கணும், நான் வந்து கதவைத் தட்டி, எழுந்திரிங்க மணி ஆச்சுன்னு திட்டணும். இதைக்கூட எனக்குத் தர மாட்டீங்களா?"

"ஏய், அழாதடி."

"நீங்க மொதல்ல அழறதை நிறுத்துங்க."

இரண்டு பேரும் அழுதார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எழுதுகிற எனக்கே கண் நிறைகிறது.

அப்போது ஜன்னல் கட்டையில் போன் அடித்தது. திரையில் எழுத்துகள் பெரிதாக ஒளிர்ந்தன: கம்பிக்காரர்.

காலையில் தயங்காமல் நிறுத்திய அண்ணி, இப்போது கண்ணைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. மணி அடித்த கணமே கை போய்விட்டது.

"ம்... பார்த்துட்டோம்... இல்ல, ஜலதோஷம், அதான் குரல் அப்படி இருக்கு... பெரிய ஜன்னல். வெளியில மரம்... நீங்க சாப்பிட்டீங்களா?... மாத்திரை?... ரெண்டும் போடணும், ஒண்ணு போட்டுட்டு ரெண்டு போட்டேன்னு என்கிட்ட சொல்லாதீங்க... சரி. சரி, வெச்சிடறேன்."

வைத்துவிட்டு நிமிர்ந்தாள். காதம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழெட்டு வாக்கியம்தான். ஆனால் குரலைக் கேட்டே சோறு சாப்பிடுகிறவளுக்கு அது போதாதா? தினமும் ராத்திரி வாய்க்கு வந்தபடி திட்டு வாங்குகிற ஆளிடம் பேசுகிற குரலா இது! இத்தனை வருஷம் ஊர் காதையெல்லாம் சோதித்தவள், தன் வீட்டு ஹாலில் கேட்டதைக் கோட்டை விட்டிருக்கிறாள். ஒருத்தரைப் பிடிக்காமல் இருந்தால் அவர் எத்தனை மணிக்கு டீ குடித்தார் என்று யார் கவனிப்பார்கள்?

அப்படியானால் ஹாஸ்டலுக்குக் காரணம் இந்த மூன்று பேர் மட்டும் இல்லை, கம்பிக்காரரும்தான். கேட்டால் அண்ணி சொல்ல மாட்டாள். காதம்மா கேட்கவும் இல்லை. அண்ணியின் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"இந்த முனையைப் பிடிங்க."

"என்ன பண்ற?"

"அளக்கறேன்."

"அப்படியா பிடிப்பாங்க? டேப்பு தொங்குது பாரு. ஜன்னல் சட்டத்துக்கு வெளியில வெச்சுப் பிடி." அண்ணியால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து தானே ஒழுங்காகப் பிடித்தாள். "எழுபத்திரெண்டு. உயரம்... அம்பத்தி நாலு."

"எழுதுங்க."

அண்ணி நோட்டை வாங்கி, வெறும் தாளில் 'பின்னறை' என்று எழுதினாள்.

"அதை அடிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க. அதுக்கு மேல வாலு எப்படி எழுதியிருக்கான்னு பாருங்க."

பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. காதம்மா அவசரப்படுத்தவில்லை. சத்தம் கொடுத்துவிட்டால் பிறகு காத்திருக்க வேண்டும், அது அவளுக்குப் பழக்கம்தான்.

அண்ணி 'பின்னறை'யை அடித்தாள். அதற்குப் பக்கத்தில், 'என் ரூம்' என்று எழுதினாள். எழுத்து வாலுவின் எழுத்தை விடக் கோணலாக இருந்தது.

மாடிப்படியடியிலிருந்து டைம்டேபிள் கத்தினான். "மூணு அம்பத்தாறு! அங்க தெருமுனையில ஒரு குடும்பம் வந்துக்கிட்டிருக்கு!"

"டாக்டரம்மாகிட்ட சரின்னு சொல்லிடுங்க!" என்று காதம்மா பதிலுக்குக் கத்தினாள். வாலு படிகளில் தடதடவென்று ஏறிப் போவது கேட்டது. மாடியில் நாய் ஒரு தடவை குரைத்தது.

காதம்மா ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப அக்கறையாக, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி.

"இவ்வளவு அகலத்துக்கு நல்ல கம்பியா போடணுமே அண்ணி. இந்த ஊர்ல நமக்கு யாரைத் தெரியும்? அங்கேருந்து தெரிஞ்ச ஆள் யாராவது வருவாங்களா?"

அண்ணி காதுவரை சிவந்துபோனாள். டேப்பைச் சுருட்டினாள். சுருட்டினதை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி இப்படி வெட்கப்படுவதைக் காதம்மா இதுவரை பார்த்ததில்லை.

"அவர் போட்டா கோணலாத்தான் போடுவாரு" என்றாள் கடைசியில்.

"பரவாயில்ல. நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க."

அண்ணி போனைக் கையில் எடுத்தாள். வெயில் விழுந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, ஹாஸ்டலுக்குப் பேசுவதா கம்பிக்காரருக்குப் பேசுவதா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதம்மா வெளியே வந்து, இறுக்கமான அந்தக் கதவை இழுத்துச் சாத்தினாள்.